மெலிந்த வெள்ளாட்டைக் காப்பாற்றக் கொண்டுவருவோர் கவனத்துக்கு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பழனி மலைப்பகுதியில் அடைமழை பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் எலும்பும் தோலுமான ஓர் ஆடு உங்கள் கண்ணில் படுவது புதிதல்ல. சந்தையில் விலைபோகாமல் கடைசியில் நிற்கும் ஆடாக அது இருக்கலாம். தோட்டவேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள் விட்டுச்சென்றதாகவோ, மலைப்பாதையில் மந்தையைவிட்டுப் பின்தங்கியதாகவோ இருக்கலாம். யாராவது கவனித்தால் பிழைக்கும் என்று தோன்றுகிறது. இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

அன்று மாலை வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். பசியோடு வந்த உயிர் என்று ஒருவர் சோற்றுக் கஞ்சி வைப்பார். மற்றொருவர் ஒரு படி சோளமோ தவிடோ கொட்டுவார். ஆடும் ஆவலோடு தின்னும். மறுநாள் வயிறு உப்பும், அசைபோடாது, பற்களை நறநறவென்று கடிக்கும், தலையைத் தொங்கப்போட்டுப் படுத்துவிடும். மூன்றாம் நாள் இறந்துவிடும். "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்வார்கள். பல சமயங்களில் அது பட்டினியால் இறப்பதில்லை. நாம் அன்போடு வைத்த தீவனத்தாலேயே இறக்கிறது. போகும்போது நம் பட்டியில் இருக்கும் நல்ல ஆடுகளுக்கு ஒரு நோயையும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆகவே மெலிந்த ஆட்டை ஏற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே கூறுகிறோம்.

முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்

ஒரு மாதம் வரை அந்த ஆட்டைத் தனியாக வைக்க உங்களிடம் இடம் உண்டா? நாள்தோறும் நான்கு முறை சிறிது சிறிதாகத் தீவனம் வைக்க வீட்டில் ஆள் உண்டா? மருத்துவச் செலவுக்குச் சிறிது பணம் ஒதுக்க முடியுமா? உங்கள் பெட்டைகள் ஈனும் தறுவாயில் உள்ளனவா? முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது "இல்லை" என்பது விடையானாலும், கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்பது விடையானாலும், அந்த ஆட்டை உங்கள் கொட்டிலுக்குக் கொண்டுவர வேண்டாம். அது இருக்கும் இடத்திலேயே மழை படாமல் கட்டி, தண்ணீரும் புல்லும் வைத்துவிட்டு, அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். இதுவும் உதவிதான். கடன்பட்டு நிற்கும் ஒருவர், இருக்கும் பத்து ஆடுகளைப் பணயம் வைத்துப் பதினோராவது ஆட்டைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது, ஆடு யாருடையது என்பது. மெலிந்த ஆடெல்லாம் அநாதை ஆடல்ல. காதில் தோடு, அதாவது அடையாள வில்லை, இருக்கிறதா என்று பாருங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விசாரியுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்துவிடுங்கள். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் ஆடுகளும் அடங்கும். பிறருடைய ஆட்டைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் பின்னால் தொல்லை. விலைக்கு வாங்கினால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. தான் வளர்க்கும் விலங்கைப் பட்டினி போடுவதும், பட்டினியால் வாடும்படி கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆனால் உடையவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அவர் வீட்டு நிலையையும் பாருங்கள். கூலியில்லாத வீட்டில் ஆடு மட்டும் கொழுத்திருக்காது.

மலையேறி வந்த ஆடு

வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலோ 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரி அளவுக்குக் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, அய்யலூர் போன்ற சமவெளிச் சந்தையில் காலையில் வாங்கிய ஆடு, மாலையில் கொடைக்கானலில் இறங்கும்போது பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிருக்கு வந்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனியும் விழும்.

மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் உள்ளது. அங்கு வளரும் பாரத் மெரினோ செம்மறிகளைப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் அடர்ந்த கம்பளி நினைவிருக்கும். தென்மாவட்டங்களின் கன்னி ஆட்டுக்கும் கொடி ஆட்டுக்கும் அத்தகைய போர்வை கிடையாது. உடலில் கொழுப்பும் இல்லாத மெலிந்த ஆடு, தின்னும் தீவனத்தில் பெரும்பகுதியைச் சூட்டுக்கே செலவிட்டுவிடும். நீங்கள் எவ்வளவு வைத்தாலும் உடல் தேறாது. எனவே தீவனத்துக்கு முன்னால் குளிரைக் கவனிக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தைச் சாக்கினாலோ தட்டியினாலோ மறைத்து, ஓர் அடி உயரமாவது தரையிலிருந்து தூக்கிய பரணில் காய்ந்த புல்லைப் பரப்பி, இரவில் கோணிச் சாக்கை முதுகில் கட்டிவிடுங்கள். சாக்கு நனைந்தால் உடனே மாற்றவேண்டும். ஈரச்சாக்கு வெறும் உடம்பைவிட மோசம். படுக்கைக்காகப் பெரணிச் செடியை அறுத்துப் போடாதீர்கள். மலையில் எங்கும் கிடைப்பதுதான். ஆனால் காய்ந்த பின்னும் அதில் நஞ்சு உண்டு, பசித்த ஆடு படுக்கையையும் தின்னும்.

தனியாக வைக்கும் கொட்டில் மலைச்சரிவில் எங்கே அமைகிறது என்பதும் முக்கியம். உங்கள் ஆட்டுக்கொட்டிலுக்கு மேற்புறத்தில் புது ஆட்டைக் கட்டினால், மழைநீர் அதன் புழுக்கையையும் சிறுநீரையும் அடித்துக்கொண்டு நேரே கீழே வந்துவிடும். எப்போதும் கீழ்ச்சரிவிலேயே கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி, தீவனக் கூடை, கயிறு ஆகியவை தனியாக இருக்கவேண்டும். முதலில் உங்கள் ஆடுகளைக் கவனித்துவிட்டு, கடைசியில் புது ஆட்டிடம் போகவேண்டும். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவுங்கள்.

இப்படி முப்பது நாட்கள். ஆட்டுக்கொல்லி நோய் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாட்களில் காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல் எனத் தெரிந்துவிடும். ஆயினும் சில நோய்கள் தாமதித்தே வெளிப்படும். உங்கள் சொந்த ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குட்டிக்குப் போட்டால் மூன்று ஆண்டுகள் பாதுகாப்புக் கிடைக்கும். மாட்டு வெக்கை நோயை உலகம் 2011-இல் அடியோடு ஒழித்தது. அதன் உடன்பிறப்பான ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்கப் பல நாடுகள் சேர்ந்து முயன்று வருகின்றன. புது ஆட்டுக்கு எப்போது ஊசி போடலாம் என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும்; மிகவும் நலிந்த உடலில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது.

தனியாக விடப்பட்ட வெள்ளாடு கத்திக்கொண்டே இருக்கும், தீவனமும் சரியாக எடுக்காது. மற்ற ஆடுகளின் குரல் கேட்கும் தூரத்தில் அது இருந்தால் ஓரளவு அமைதியாகும். அதற்கும் அடங்காவிட்டால், நலமான கிடா ஒன்றைத் துணைக்குக் கட்டலாம். ஆனால் அந்தக் கிடாவும் முப்பது நாள் முடியும்வரை மந்தைக்குத் திரும்பக்கூடாது.

ஏன் மெலிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் தீவனத்தை மட்டும் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் கையால் தடவிப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால், முதுகெலும்பின் மேல் விரல்களை வையுங்கள். எலும்பு முனைகள் அரம்போல் கூராகக் குத்தினால், ஐந்துக்கு ஒன்று என்ற மதிப்பில் மிக மெலிந்த ஆடு. எலும்பு தென்பட்டும் மேலே சதை உருண்டிருந்தால் மூன்று. அது போதுமான நிலை. வயிற்றைப் பார்த்து ஏமாறவேண்டாம். புழு நிறைந்த ஆட்டுக்கும் வயிறு பானைபோல் இருக்கும்.

பிறகு வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழே எட்டு. இரண்டு பெரிய பற்கள் போட்டிருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது, நான்கு என்றால் ஏறக்குறைய இரண்டு, ஆறு என்றால் மூன்று, எட்டும் சேர்ந்திருந்தால் நான்கு. பற்கள் தேய்ந்து, ஆடி, விழுந்திருந்தால் மெலிவுக்கு அதுவே காரணமாகலாம். அந்த ஆட்டுக்கு நோய் இல்லை, முதுமைதான். நறுக்கிய மென்மையான தீவனத்தை ஆயுள் முழுவதும் கொடுக்க நீங்கள் அணியமாக இருந்தால் மட்டுமே அதை ஏற்கவேண்டும்.

இளம் ஆடாக இருந்தால் முதல் ஐயம் புழுவின் மேல் விழவேண்டும். ஈரம் மிகுந்த மலைப்பகுதியில் இரைப்பைப் புழுவுக்கு நல்ல காலம். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போன்ற ஒரு புழு உண்டு. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி இரத்தம் உறிஞ்சும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளுக்கு 50 மில்லி! ஒரு சின்ன ஆடு இதை எத்தனை நாள் தாங்கும்? இதைக் கண்டறிய தென்னாப்பிரிக்காவில் வகுத்த எளிய முறை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. 'ஃபமாச்சா' என்று பெயர். ஆட்டின் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, உட்புறத்தின் நிறத்தைப் பார்ப்பதே அம்முறை. நல்ல சிவப்பு என்றால் இரத்தம் உண்டு. இளஞ்சிவப்பு என்றால் ஐயப்படவேண்டும். வெள்ளைத் தாள்போல் வெளுத்திருந்தால் ஆட்டின் உயிர் ஆபத்தில் இருக்கிறது. தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கியிருந்தாலும் அவ்வாறே. வெளுத்த இமையைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இமை ஓரளவு சிவந்திருந்தால் அவசரம் இல்லை. காலையில் புதிதாக விழுந்த புழுக்கையில் பத்துப் பதினைந்தைச் சுத்தமான தாளில் மடித்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கச் செய்யுங்கள். புழு முட்டையா, இரத்தக் கழிச்சல் கிருமியா, ஈரல் தட்டைப்புழுவா என்பது தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கடையில் கேட்டு, அளவு தெரியாமல் ஊற்றும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். குறைந்த அளவு கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். அவை உங்கள் மேய்ச்சல் நிலத்துக்கும் வந்துசேரும். அளவு கூடினாலும் கேடுதான். லெவாமிசோல் என்னும் மருந்து அளவு சற்று மிஞ்சினாலும் நலிந்த ஆட்டுக்கு நஞ்சாகும். அல்பெண்டசோலைச் சினையின் தொடக்கத்தில் கொடுக்கக்கூடாது. பெட்டை சினையாக இருக்கக்கூடும் என்று தோன்றினால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பல்லும் நன்றாக, புழுவும் இல்லை, நன்றாகத் தின்கிறது. ஆயினும் வாரக்கணக்கில் இளைத்துக்கொண்டே போகிறது என்றால் ஜோன்ஸ் நோய் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை கிடையாது. கிருமி புழுக்கை வழியாக மண்ணில் சேர்ந்து ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். இத்தகைய ஆட்டை மந்தையில் சேர்ப்பது இரக்கம் ஆகாது. மேலும், குட்டி வீசிய பெட்டை என்று தெரிந்தால், வெறுங்கையால் கருவையோ நஞ்சுக்கொடியையோ தொடாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். புருசெல்லோசிஸ் மனிதருக்கும் தொற்றும்.

தீவனம்: பொறுமையே வேண்டும்

வெள்ளாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆடு தின்னும் இலையையும் புல்லையும் செரிப்பவை அவையே. பட்டினி கிடந்த ஆட்டில் அவையும் பட்டினி கிடந்து குறைந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் தானியம் உள்ளே போனால், மாவுச்சத்தில் வாழும் வேறுவகைக் கிருமிகள் ஒரே இரவில் பெருகிப் புளிப்பை உண்டாக்கிவிடும். உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். முன்னே சொன்ன மூன்றாம் நாள் மரணம் இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. நெடும்பட்டினிக்குப்பின் திடீரென மாவுச்சத்துக் கிடைத்தால் இரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று குறைந்து, இதயமும் தசையும் தளர்ந்துவிடும். 1945-இல் போர்ச் சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களுள் சிலர் வயிறார உண்டபின் இறந்தது இவ்வாறே. மனிதருக்கு நேர்ந்தது ஆட்டுக்கும் நேரும்.

ஆகவே முதல் நாள் தண்ணீரே முதன்மை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்து, ஒரு தடவைக்கு ஒரு தம்ளர் என்று நாளில் பலமுறை வையுங்கள். தானாகக் குடிக்கட்டும். படுத்துக்கிடக்கும் ஆட்டின் வாயைத் திறந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். இயல்பான வெப்பம் 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட். குட்டியின் உடல் வெப்பம் 99-க்குக் கீழே இருந்தால் முதலில் சூடுபடுத்துங்கள், பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது.

முதல் வாரம் முழுவதும் புல்லும் மரத்தழையும் மட்டுமே. 15 கிலோ எடையுள்ள நலமான ஆடு நாளுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேலாகப் பசுந்தீவனம் தின்னும். நீங்கள் ஒரு கிலோவில் தொடங்கி, நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். கூடவே காய்ந்த புல்லும் இருக்கட்டும். ஆறேழு நாளில் முழு அளவுக்குக் கொண்டுவரலாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தாருக்கு ஒரு வசதி உண்டு. மிளகுக் கொடியைத் தாங்கும் கல்யாண முருங்கையைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் தழை, நலிந்த ஆட்டுக்கு நல்ல உணவு. பலா இலை, அகத்தி, மல்பெரி ஆகியவையும் ஏற்றவை. மேல்மலையில் கேரட் தழையும் கிக்கியு புல்லும் கிடைக்கும். காய்கறித் தோட்டத்துக் கழிவானால், அதன்மேல் கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று கேட்காமல் போடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உள்ளூரில் பிறந்து வளர்ந்த ஆடு உண்ணிச்செடியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். வெளியூரிலிருந்து பசியோடு வந்த ஆடு அதைத் தின்றுவிட்டு மஞ்சள்காமாலை கண்டு தோல் வெடித்து நிற்கும். நம் கீழ்மலைத் தோட்டங்களில் பரவலாக உள்ள வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையும் வெள்ளாட்டின் இதயத்துக்கும் மடிக்கும் கெடுதல். கவாத்து செய்த பிளம்ஸ், பீச்சு மரக்கிளைகளின் வாடிய இலையில் சயனைடு நஞ்சு உண்டாகும். பச்சையாகிப்போன, முளைவிட்ட உருளைக்கிழங்கும் ஆகாது. ஒரு மாதம் கட்டித் தீனி போட்டாலே இவற்றிலிருந்து தப்பலாம். மேலும் காட்டுக்குள் ஓட்டிச் செல்ல இயலாத நிலையும் இருக்கிறது. 2013 முதல் இப்பகுதிக் காடுகளில் பெரும்பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகிவிட்டது. நடக்கத் தெம்பில்லாத ஆடு செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் எளிய இரையுமாகும்.

இரண்டாம் வாரத்தில் ஆடு நன்றாக அசைபோட்டு, புழுக்கை உருண்டையாக விழுந்தால் மட்டும் அடர்தீவனத்தைத் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மேலும் 50 கிராம் கூட்டி 200 கிராமில் நிறுத்திக்கொள்ளலாம். புழுக்கை இளகினால் அடர்தீவனத்தை நிறுத்திவிட்டுக் காய்ந்த புல்லுக்குத் திரும்புங்கள். தாது உப்புக் கலவையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையைக் கண்ணளவில் மதிப்பிடவேண்டாம். தராசு இல்லாவிட்டால் தையல்காரரின் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை வரும். சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 19 கிலோ. புழு மருந்தின் அளவுக்கும் இது உதவும். வாரம் ஒரே நாளில், காலைத் தீவனத்துக்கு முன் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ ஏறினால் சரியான போக்கு. மூன்று வாரம் ஆகியும் ஏறவில்லை என்றால் தீவனத்தைக் கூட்டாதீர்கள். மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் சில ஆடுகள் பிழைப்பதில்லை. எழுந்து நிற்க முடியாமல், உடல் சூடு தங்காமல், நாட்கணக்கில் கிடந்து துன்பப்படும் ஆட்டைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வலியில்லாமல் முடிவு செய்யும் வழி அவரிடம் உண்டு. இறந்த ஆட்டை ஓடையிலோ சரிவிலோ தள்ளிவிடாமல், நீர்நிலைக்கு அப்பால் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். மருந்து கொடுத்த ஆட்டின் பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்கவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தேறிய ஆட்டை, முப்பதாம் நாள் முடிந்ததும் நேரே மந்தைக்குள் விடாதீர்கள். இமையையும் புழுக்கையையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். வளர்ந்திருக்கும் குளம்பைச் செதுக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் தட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நிற்கவிட்டு ஒன்றையொன்று முகர்ந்து பழகட்டும். பிறகு, எல்லாம் வயிறு நிறைந்திருக்கும் ஒரு பிற்பகலில், பரந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள். மூத்த பெட்டைகள் முட்டத்தான் செய்யும். அன்று மாலை மட்டும் நீங்கள் அருகிலேயே இருங்கள், தீவனக் கூடை ஒன்று கூடுதலாக வையுங்கள்.